பதற்றத்துக்கும் இதயத்துக்கும் நடுவில் நிற்கும் குளிசை

கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவின் பக்கம் நின்று ஒரு தடவையாவது கீழே எட்டிப் பார்த்திருப்பார்கள். தலையை நீட்டியதும் வயிற்றுக்குள் ஏதோ இறங்குவது போல இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், வாய் காயும். விழப்போவதில்லை என்று மனதுக்கு நன்றாகத் தெரியும். உடம்பு அதைக் கேட்காது.

அந்தச் சில விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டால், 'பீட்டா தடுப்பி' என்ற மருந்து வகை என்ன செய்கிறது என்பதும் பாதி விளங்கிவிடும். நான் திருகோணமலை நகரில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பல வருஷமாக நிற்கிறவன். "தம்பி, இது யோசனைக்குக் குடுத்த குளிசையாமே?" என்று அந்த வகையைச் சேர்ந்த அட்டெனலோல் அட்டையை நீட்டிக் கேட்கும் அம்மாமார் அடிக்கடி வருவார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாத பதில் அது. இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் இதயத்துக்கு இரண்டு வழியில் செய்தி போகிறது. ஒன்று நரம்பு வழி. பரிவு நரம்புகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவை இதயம் வரை ஓடி, தங்கள் நுனியில் நோராட்ரினலின் என்ற பொருளைக் கசியவிடுகின்றன. மற்றது இரத்த வழி. சிறுநீரகங்களின் மேலே தொப்பி வைத்தது போல இருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நரம்பு உடனே வேலை செய்யும். இரத்தத்தில் கலந்த அட்ரினலின் கொஞ்சம் பிந்தி வந்து, கொஞ்ச நேரம் நின்று வேலை செய்யும். பயம் போன பிறகும் கை நடுக்கம் அடங்க நேரமாவது அதனால்தான்.

இந்தப் பொருட்கள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அவற்றைப் பிடித்துக்கொள்ள இடம் வேண்டும். நாங்கள் துறைமுகத்து ஊர்க்காரர், ஆகவே படகை வைத்தே சொல்லலாம். படகு கரைக்கு வந்தால் கட்டுவதற்குத் துறையில் ஓர் இடம் வேண்டும். கட்டினால்தான் மீனை இறக்கலாம், இறக்கினால்தான் கரையில் வேலை தொடங்கும். உடம்பின் கலங்களின் மேற்பரப்பில் அப்படிக் கட்டுமிடங்கள் உண்டு. அவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர். அட்ரினலின் வந்து வாங்கியில் கட்டினால் அந்தக் கலத்துக்குள் வேலை தொடங்கும்.

இந்த வாங்கிகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்று 1948இல் சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் தசையைச் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது. அது எப்படி என்று யோசித்து, வாங்கிகளை ஆல்பா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்தார். பின்னர் பீட்டாவும் பீட்டா 1, பீட்டா 2 என்று பிரிந்தது. நமக்கு வேண்டிய அளவுக்குச் சொன்னால், பீட்டா 1 முக்கியமாக இதயத்திலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. பீட்டா 2 மூச்சுக்குழாய்களில் நிறைய இருக்கிறது, தசைகளுக்குப் போகும் இரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. ஆல்பா பெரும்பாலும் இரத்தக் குழாய்களின் சுவரில் இருந்து அவற்றை இறுக்குகிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எச்சரிக்கை எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

பீட்டா தடுப்பி என்பது வெறும் படகு. வந்து இடத்தைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும், ஆனால் ஒரு மீனையும் இறக்காது. அது நிற்கும் வரை அட்ரினலின் படகு அந்த இடத்தில் கட்ட முடியாது. அட்ரினலின் சுரப்பது நிற்கவில்லை, கடலில் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்குவதற்கு இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அட்ரினலின் மிக அதிகமாக வந்து மோதினால் சில இடங்களை அது பிடித்தும் விடும். ஆகவே இந்தத் தடை முழுக் கதவடைப்பு இல்லை, போட்டி.

இந்த எண்ணத்தை மருந்தாக்கியவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரருக்கு இதயத்துக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டுவது எப்படி என்றுதான் அந்தக் காலத்தில் மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபக்கத்தால் யோசித்தார்: இதயத்தின் வேலையைக் குறைத்தால் அதற்குத் தேவைப்படும் ஒட்சிசனும் குறையும்தானே? முதலில் வந்த மருந்து எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலோல் 1960களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்தது. இரத்த அழுத்தத்தையும் அது இறக்குகிறது என்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் மருந்தும் அவர் ஆய்விலிருந்துதான் வந்தது. ஒரே மனிதர், இரண்டு மருந்து, எத்தனை கோடி வீடுகளில் நிம்மதி! எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

சரி, இப்போது பிரஷருக்கு வருவோம்.

ஆறுதலாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை அடிக்கிறது, ஒவ்வொரு அடியிலும் சுமார் 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பெருக்கினால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 5 லீற்றர். குழாயில் வரும் தண்ணீரின் வேகம் போல, இரத்த அழுத்தமும் இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது: எவ்வளவு தள்ளப்படுகிறது, குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது. பதற்றம் வந்தால் இரண்டும் மாறும். இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும், பல இடங்களில் குழாய்களும் இறுகும். 120க்கு 80 என்று இருந்தவருக்கு 150க்கு மேலே போவது அந்த நேரத்தில் அதிசயமில்லை.

பீட்டா தடுப்பி முதலில் தொடுவது இதயத்தை. அடி மெதுவாகிறது, பலமும் கொஞ்சம் குறைகிறது. அடுத்தது சிறுநீரகம். இது பலருக்குத் தெரியாத பக்கம். பீட்டா 1 வாங்கி தூண்டப்படும்போது சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடுகிறது. அது ஒரு சங்கிலியைத் தொடங்கிவைத்து, கடைசியில் இரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்குகிறது. பீட்டா தடுப்பி அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே கைவைக்கிறது. முதல் குளிசையிலேயே நாடித்துடிப்பு குறைந்தாலும் பிரஷர் முழுதாக இறங்கி நிலைக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். "மூன்று நாள் போட்டேன், பிரஷர் இறங்கவில்லை" என்று சொல்லி நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: இன்னும் காலம் இருக்கிறது, பொறுங்கள்.

இனித்தான் முக்கியமான கேள்வி. யோசனையால் பிரஷர் வருமா?

வரும், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது தொழிலுக்குப் போன கணவர் திரும்பும் வரை வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் பிரஷரை அந்த நேரம் அளந்தால் கட்டாயம் கூடித்தான் இருக்கும். படகு கரைக்கு வந்ததும் இறங்கிவிடும். அது நோய் இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. வைத்தியரின் முன்னால் உட்கார்ந்தவுடன் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு, அதற்கு 'வெள்ளைக் கோட்டு' உயர் அழுத்தம் என்றே பெயர். நோய் என்று சொல்ல, வெவ்வேறு நாட்களில் அமைதியாக இருக்கும்போது அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும். வீட்டில் அளக்கிறவர்களுக்கு அந்த எல்லை 135க்கு 85.

ஆனால் யோசனை ஒரு நாளில் முடியாமல் மாதக்கணக்கில் நீண்டால் கதை வேறு. கடன், வழக்கு, வெளிநாட்டில் பிள்ளை, காணி உறுதிப் பிரச்சினை. பரிவு நரம்புகள் ஓய்வில்லாமல் தூண்டப்பட்டால் மேலே சொன்ன ரெனின் சங்கிலியும் ஓயாது. இன்னொரு வழியும் இருக்கிறது, என் கவுண்டரில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான். யோசனை உள்ளவருக்கு நித்திரை இல்லை. நடக்கப் போகிறதில்லை. கறி சமைக்க மனமில்லாமல் சோற்றோடு கருவாடும் ஊறுகாயும். ஆண்கள் என்றால் சிகரெட்டும் சாராயமும் கூடும். குளிசை போடவும் மறக்கிறது. ஆறு மாதம் இப்படிப் போனால் பிரஷர் நிரந்தரமாக ஏறுவதற்கு இதுவே போதும்.

ஆகவே "யோசனைப் பிரஷருக்குப் பீட்டா தடுப்பிதானே சரியான குளிசை?" என்ற கேள்விக்கு நேரான பதில் கொஞ்சம் சிக்கலானது. பதற்றம் வரும்போது இதயத்துடிப்பு ஏறுவதை இது மிக நன்றாகத் தடுக்கும். மேலே எழுதும் எண் ஏறுவதையும் ஓரளவு அடக்கும். குழாய்களை இறுக்கும் ஆல்பா வாங்கிகளை அட்டெனலோல், பைசோப்ரோலோல் போன்றவை தொடுவதில்லை. அந்தத் துறை திறந்தே கிடக்கும். அதனால் பதற்றத்தில் கீழே எழுதும் எண் அவ்வளவாகக் கட்டுப்படாமல் போகலாம். கார்வெடிலோல், லபெட்டலோல் என்ற இரண்டும் ஆல்பாவையும் சேர்த்துத் தடுப்பவை. எது யாருக்கு என்பதை வைத்தியர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மனதுக்குள் இருக்கும் யோசனையை இந்தக் குளிசை தொடுவதில்லை. கடன் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் ஒரு நன்மை உண்டு. சிலருக்கு நெஞ்சு படபடப்பதே புதுப் பயத்தைக் கிளப்பும். "ஐயோ, ஹார்ட் அட்டாக் வருகிறதோ" என்று நினைத்ததும் இன்னும் படபடக்கும். இதயம் அமைதியானால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மேடைப் பயம் உள்ள இசைக்கலைஞர்கள் சிலர் புரோப்ரனலோல் போடுவதும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இந்த மருந்துகள் தடைசெய்யப்பட்டிருப்பதும் கை நடுக்கத்தை இது குறைப்பதால்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு துப்பாக்கி சுடுதலில் வென்ற இரண்டு பதக்கங்களையும் புரோப்ரனலோல் காரணமாக இழந்தார். இதைக் கேள்விப்பட்டு உயர்தரப் பரீட்சைக்கு முன்னால் இந்தக் குளிசை கேட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "பக்கத்து வீட்டு அன்ரிக்கு அட்டெனலோல், எனக்கு மட்டும் ஏன் லோசாட்டன்?" ஒரு காலத்தில் பிரஷர் என்றால் முதலில் எழுதும் மருந்துகளில் பீட்டா தடுப்பியும் ஒன்றாக இருந்தது. 2002இல் வெளிவந்த லைஃப் என்ற பெரிய ஆய்வில், உயர் இரத்த அழுத்தத்தோடு இதயச் சுவரும் தடித்திருந்த 9,193 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வேறு வகைப் பிரஷர் மருந்தான லோசாட்டனும் மற்றவர்களுக்கு அட்டெனலோலும் கொடுத்தார்கள். இரண்டும் பிரஷரைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறக்கின. ஆனால் பக்கவாதம் லோசாட்டன் பக்கத்தில் கால்வாசி குறைவாக இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பிறகு, 2006இல் பிரித்தானிய வழிகாட்டி பீட்டா தடுப்பியைச் சாதாரணப் பிரஷருக்கான முதல் மருந்துகளிலிருந்து விலக்கியது. இன்று பலருக்கும் முதலில் எழுதப்படுவது லோசாட்டன், எனலப்ரில், அம்லோடிபின் போன்றவையும் சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளும்தான்.

அதற்காகப் பீட்டா தடுப்பி பழைய மருந்து, குறைந்த மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு, நெஞ்சுவலிக்காரருக்கு, இதயம் பலவீனமானவருக்கு, நாடி தாறுமாறாக ஓடுகிறவருக்கு, தைரொயிட் கூடிப் படபடக்கிறவருக்கு இது முன்வரிசை மருந்து. கர்ப்பகாலப் பிரஷருக்கு லபெட்டலோல் எழுதுவார்கள். பிரஷரோடு நாடியும் எப்போதும் வேகமாக ஓடுகிறவருக்கும் வைத்தியர் இதை விரும்பி எழுதக்கூடும். பக்கத்து வீட்டு அன்ரிக்கு எட்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்ததை அவர் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கலாம்.

அளக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தவறாக அளந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்து ஆட்கள் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் நகரத்துக்கு வந்தார்கள். இப்போது பஸ்ஸில் நேரே வருகிறார்கள், ஆனால் கிளினிக் நம்பர் பிந்திவிடும் என்ற அவசரம் அப்படியே இருக்கிறது. வெயிலில் இறங்கி, வேகமாக நடந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து கையை நீட்டினால் எண் கூடத்தான் செய்யும். ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் பிளேன்ரீயோ சிகரெட்டோ வேண்டாம். மூத்திரம் முட்டிக்கொண்டு இருந்தாலும் பிரஷர் ஏறும். இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள், நாடியையும் சேர்த்து. பீட்டா தடுப்பி போடுகிறவருக்கு நாடி எண் மிக முக்கியம். அது 50க்குக் கீழே போனாலோ, தலை சுற்றி மயக்கம் வருவது போல இருந்தாலோ உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

களைப்பு, கைகால் குளிர்வது, சிலருக்குக் கெட்ட கனவு, ஆண்களுக்கு உறவில் தளர்ச்சி, இவையும் வரலாம். வெட்கப்படாமல் சொன்னால் வைத்தியர் மாற்றித் தருவார். சொல்லாமல் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

ஏன் ஆபத்து என்று மறுபடி துறைக்கே போய்ப் பார்க்கலாம். வெறும் படகுகள் மாதக்கணக்கில் இடத்தைப் பிடித்து நிற்கும்போது, செய்தி கிடைக்காத இதயம் சும்மா இருப்பதில்லை. இன்னும் அதிகமான கட்டுமிடங்களைக் கட்டிக்கொள்கிறது. ஒரு நாள் குளிசையை நிறுத்தினால் வெறும் படகுகள் எல்லாம் போய்விடும். பழைய இடமும் காலி, புதிய இடமும் காலி. வருகிற அட்ரினலின் படகெல்லாம் ஒரே நேரத்தில் கட்டி இறக்கத் தொடங்கும். நாடி பறக்கும், பிரஷர் ஏறும், இதய வருத்தம் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வரலாம். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் எனக்கு இந்தக் கவலை வரும். வெருகல் வழியாக நடக்கும் அடியார்கள், "முருகனிடம் போகும்போது மருந்து எதற்கு" என்று குளிசையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுண்டு. தயவுசெய்து மடியில் கட்டிக்கொண்டு போங்கள். நோன்பு காலத்திலும் கந்தசஷ்டி விரதத்திலும் குளிசையை விட வேண்டியதில்லை, நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டால் சொல்வார்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் வைத்தியர் கிழமைக்கணக்கில் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு சொல். சீனி மிகக் குறையும்போது நெஞ்சு படபடப்பும் நடுக்கமும்தான் நமக்கு முதலில் மணி அடிக்கும். பீட்டா தடுப்பி அந்த மணியை அமர்த்திவிடலாம். வேர்ப்பது மட்டும் நிற்காது. இன்சுலின் போடுகிறவருக்குக் காரணமில்லாமல் குளிர்ந்து வேர்த்தால் உடனே சீனியை அளக்க வேண்டும்.

இனி, துண்டு இல்லாமல் ஏன் கொடுப்பதில்லை என்பது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கடற்கரைப் பக்கம் வீடு. மகளின் கலியாணத்துக்கு முதல் கிழமை நெஞ்சு படபடப்பு என்று அயலில் ஒருவரிடம் புரோப்ரனலோல் இரண்டு குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். அவருக்குச் சின்ன வயதில் தொய்வு இருந்தது. பல வருஷமாக வராததால் மறந்தே போயிருந்தார். புரோப்ரனலோல் பீட்டா 1, பீட்டா 2 என்று பார்க்காமல் இரண்டு துறையிலும் கட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் பீட்டா 2 அடைபட்டதும் இரவு இழுப்புத் தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்த பேரப்பிள்ளையின் பம்ப்பை அடித்துப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. பம்ப்பில் இருக்கும் சல்புட்டமோல் கட்ட வேண்டிய இடமும் அதே பீட்டா 2 தானே, அங்கே ஏற்கெனவே வெறும் படகு நின்றது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வேறு வழியில் வேலை செய்யும் மருந்து கொடுத்து மூச்சைத் திருப்பினார்கள்.

கலியாணத்தன்று அவர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிழமை கடைக்கு வந்தவரிடம் கிளினிக் கொப்பியை வாங்கி, முன்மட்டையில் சிவப்புப் பேனையால் பெரிதாக 'தொய்வு உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும் அந்த மட்டையை முதலில் காட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்.